திறப்பு விழாவுக்குப் பிறகு: அக இணையங்கள் பற்றி ஒரு திறனாய்வு



திறனாய்வு என்றதும் நம் நினைவுக்கு வருவது நாவல், சிறுகதை, கவிதை. ஒரு படைப்பை எடுத்து, அது சொல்ல வந்ததைச் சொன்னதா, யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களைப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கிறோம். இதே அளவுகோலை, நாம் தினமும் பயன்படுத்துகிற ஆனால் யாரும் திறனாய்வு செய்யாத ஒன்றின்மேல் வைத்துப் பார்க்கலாமே! அதுதான் அக இணையம். 'இண்ட்ராநெட்' என்று அலுவலகங்களில் சொல்வார்கள். ஒரு நிறுவனத்தின் அல்லது பள்ளியின் ஆட்கள் மட்டும் கடவுச்சொல் போட்டு நுழைகிற உள்வலை அது. விடுப்புப் பாரம், சுற்றறிக்கை, கால அட்டவணை, தொலைபேசிப் பட்டியல், பயிற்றுப் பொருள் எல்லாம் அங்கேதான் இருக்கணும். இருக்கா? தேடினால் கிடைக்குதா? கிடைப்பது சரியானதா? இவைதான் இந்தக் கட்டுரையின் கேள்விகள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக இணையம் பெரும்பாலும் தொழில்நுட்பக் கோளாறால் சாவதில்லை. திறப்பு விழா முடிந்ததும் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போகிறது, அதனால் சாகிறது. அது சாகும்போது இழப்பு கணினிக்கு இல்லை. பாடம் தயாரித்த ஆசிரியரின் உழைப்புக்கும், அதை நம்பிப் படிக்கிற மாணவரின் தேர்வுக்கும்தான் இழப்பு.

பிறந்த காரணம்

வலை என்பதே ஓர் உள்வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்கப் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1989 மார்ச் மாதம், ஜெனிவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த டிம் பெர்னர்ஸ்-லீ ஒரு திட்ட வரைவை எழுதிக் கொடுத்தார். உலகத்தையே இணைக்கப் போகிறேன் என்று அவர் தொடங்கவில்லை. அவர் எடுத்துக்காட்டிய சிக்கல் சாதாரணமானது. செர்னுக்கு வருகிறவர்கள் இரண்டு ஆண்டுபோல வேலை செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களோடு தகவலும் போய்விடுகிறது. அடுத்து வருகிறவர் மறுபடியும் முதலிலிருந்து தேடுகிறார். இதைத்தான் அவர் பிரச்சினையாக வைத்தார்.

ஆசிரியர்களே, இது நம் கதை மாதிரி இல்லையா? ஓர் ஆசிரியர் மாற்றலாகிப் போகிறார். பத்து ஆண்டு சேர்த்துவைத்த பயிற்சித்தாள் அவருடைய பென்டிரைவோடு போய்விடுகிறது. புதிதாக வருகிறவர் ஜனவரியோ மார்ச்சோ, பள்ளி தொடங்கும் நாளில் வெறுங்கையோடு நிற்கிறார்.

செர்னில் இன்னொரு விஷயமும் நடந்தது. வலை வந்த புதிதில் அங்குள்ள ஊழியர்களை அதன் பக்கம் இழுத்தது எது தெரியுமா? ஆய்வுக்கூடத்தின் தொலைபேசிப் பட்டியல்தான்! அழகான படம் இல்லை, அசையும் எழுத்து இல்லை. ஓர் ஆளின் எண் வேண்டும். அதைச் சீக்கிரம் கொடுத்தது. அதனால் வந்தார்கள். ஈர்ப்பு என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மலேசியப் பள்ளிகள் கண்ட பாடம்

நம் நாட்டு அனுபவத்துக்கு வருவோம். 2011 இறுதியில் மலேசியக் கல்வி அமைச்சு 'ஒன் பெஸ்தாரிநெட்' திட்டத்துக்கு ஒப்பந்தம் வழங்கியது. ஏறத்தாழ 10,000 அரசுப் பள்ளிகளுக்கு இணைய வசதி. அதன்மேல் 'ஃப்ராக்' என்ற மெய்நிகர் கற்றல் தளம். 15 ஆண்டுக் காலத் திட்டம், மதிப்பு 4 பில்லியன் ரிங்கிட்டுக்குச் சற்று மேல். வசதிகளின் பட்டியலைப் படித்தால் குறை சொல்ல முடியாது. ஆசிரியர் பாடத்தை ஏற்றலாம், மாணவர் பயிற்சி செய்யலாம், பெற்றோரும் உள்ளே வந்து பார்க்கலாம்.

தேசியத் தணிக்கைத் துறையின் 2013ஆம் ஆண்டு அறிக்கை வேறு கதை சொன்னது. ஆசிரியர், மாணவர், பெற்றோர் ஆகியோரிடையே தளத்தின் பயன்பாடு 0.01 விழுக்காட்டிலிருந்து 4.69 விழுக்காடு வரைதான். நூறு பேரில் ஐந்து பேர்கூட இல்லை. 2019ஆம் ஆண்டின் நடுவில் அமைச்சு இந்தத் திட்டத்தைத் தொடராமல் விட்டது. பள்ளிகள் கூகுள் கிளாஸ்ரூமுக்கு மாறின. 2020 ஜூனில் 'டெலிமா' தளம் வந்தது.

இந்தத் தோல்விக்கு இணைய வேகத்தை மட்டும் குற்றம் சொல்வது சுலபம். வேகக் குறைவு உண்மைதான். பாதி வகுப்பு திரை சுற்றிக்கொண்டே இருந்தால் எந்த ஆசிரியரும் அடுத்த நாள் அதைத் திறக்க மாட்டார். ஆனால் வேகம் நன்றாக இருந்த பள்ளிகளில்கூட ஒரு கேள்வி மிச்சம் இருந்தது: இது என் வேலையில் எதைக் குறைக்குது? மாணவர் விவரத்துக்கு ஏபிடிஎம், தேர்வுப் புள்ளிக்குச் சாப்ஸ், பணியாளர் பதிவுக்கு எச்ஆர்எம்ஐஎஸ் என்று ஏற்கெனவே வரிசை நீளம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல். அந்த வரிசையில் இன்னொன்று சேர்ந்தால் அது உதவியா, சுமையா? நீங்களே சொல்லுங்க.

டெலிமாவில் ஒரே கணக்கை வைத்துக் கூகுள் கருவிகளையும் மைக்ரோசாப்ட் கருவிகளையும் திறக்க முடிகிறது. இது சின்ன மாற்றம் போலத் தெரியும், உண்மையில் பெரியது. கதவு ஒன்றாக இருந்தால்தான் வீட்டுக்குள் போக மனசு வரும். ஆனாலும் டெலிமாவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். உள்நுழைந்தவர் எண்ணிக்கையை மட்டும் வெற்றியின் அளவாக வைத்தால், எண்ணிக்கைக்காக நுழைந்து எண்ணிக்கைக்காக வெளியே வருவோம். எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, வந்தவர் தேடியதை எடுத்துக்கொண்டு போனாரா என்பதே முக்கியம்.

நம்பகம் என்றால் என்ன?

'நம்பகமான தளம்' என்று விளம்பரங்களில் சொல்வது எப்போதும் திறக்கும் தளத்தை. அது முதல் படி மட்டுமே. இரண்டாவது படி, உள்ளே இருப்பது இன்றைக்கும் சரியா என்பது. மூன்றாவது, நாளைக்கும் இருக்குமா என்பது.

இரண்டாவது படியில்தான் நம் பள்ளிகள் அதிகம் சறுக்குகின்றன. யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. பிடி3 தேர்வு 2022இல் அகற்றப்பட்டது. எஸ்பிஎம் தேர்வு 2021 முதல் புதிய கலைத்திட்டத்தின் வடிவத்தில் நடக்கிறது. சிங்கப்பூரில் 2027 முதல் சாதாரண நிலைத் தேர்வுகளின் இடத்தில் ஒரே பொதுச் சான்றிதழ்த் தேர்வு வருகிறது. ஆனால் பகிர்வுக் கோப்புறைகளைத் திறந்து பாருங்க. பழைய வடிவத் தாளும் புதிய வடிவத் தாளும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். பெயர் 'மாதிரி தாள் புதியது', 'மாதிரி தாள் புதியது 2', 'இறுதி', 'இறுதி திருத்தியது'. ஆண்டு இருக்காது. எழுதியவர் பெயர் இருக்காது. ஒரு மாணவர் நல்லெண்ணத்தோடு அதை எடுத்து இரண்டு மாதம் பயிற்சி செய்கிறார். தேர்வு மண்டபத்தில்தான் வடிவமே வேறு என்று தெரிகிறது. அந்தக் கோப்பு எந்த நேரமும் திறந்தது, வேகமாகவும் திறந்தது. ஆனால் அது நம்பகமானதா?

மூன்றாவது படிக்குச் சிங்கப்பூரில் ஒரு கசப்பான எடுத்துக்காட்டு உண்டு. 2024 ஆகஸ்டில், மாணவர்களின் கற்றல் கருவிகளைக் கண்காணிக்கப் பயன்பட்ட 'மொபைல் கார்டியன்' என்ற வெளிநாட்டு மென்பொருளுக்குள் யாரோ ஊடுருவினார்கள். 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் கருவிகளில் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. தேர்வுக் காலம் நெருங்கும் நேரம். கருவியில் மட்டும் குறிப்பெடுத்து வைத்திருந்தவர்கள் தவித்தார்கள். வேறு இடத்தில் படி வைத்திருந்தவர்களுக்குப் பாதிப்பு குறைவு. கல்வி அமைச்சு அந்த மென்பொருளை எல்லாக் கருவிகளிலிருந்தும் நீக்கியது. அது அக இணையம் இல்லைதான். ஆனால் பாடம் ஒன்றே: ஒரே படி இருந்தால், அது இல்லாததற்குச் சமம்.

பெரிய நிறுவனத்தின் சேவை என்றால் பயமில்லை என்று நினைக்கிறோமா? ஃபேஸ்புக் நிறுவனம் 2016இல் 'வொர்க்பிளேஸ்' என்ற பெயரில் நிறுவனங்களுக்கான உள்வலைச் சேவையைத் தொடங்கியது. பல நாடுகளில் பெரிய நிறுவனங்கள் தங்கள் அறிவிப்பு, உரையாடல், கோப்பு எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய் வைத்தன. 2024இல் அந்தச் சேவையை மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். தவணை கொடுத்தார்கள், மாறிப்போக வழியும் காட்டினார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாடகை வீடு வாடகை வீடுதான். காலி செய்யச் சொல்லும் நாளில் சாமான்களை மூட்டை கட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே எந்தத் தளத்தையும் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, 'உள்ளே என்னென்ன வசதி?' என்பதோடு முடியக்கூடாது. 'வெளியே எடுத்துப் போக வழி இருக்கா?' என்றும் கேட்கணும்.

கணினித் துறையில் இதற்கு ஓர் எளிய விதி உண்டு: மூன்று படி, இரண்டு வகை சேமிப்பு, அதில் ஒன்று வேறு இடத்தில். பள்ளிக்கு இதைச் சொன்னால், தளத்தில் ஒன்று, அலுவலக வன்தட்டில் ஒன்று, வேறு கட்டடத்திலோ மேகச் சேமிப்பிலோ ஒன்று. இதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காப்புப் படியைத் தவணைக்கு ஒரு முறையாவது திறந்து பார்க்கணும். திறந்து பார்க்காத காப்புப் படி வெறும் நம்பிக்கை மட்டுமே.

ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது?

'ஊழியர்கள் தளத்துக்கு வருவதில்லை, என்ன செய்யலாம்?' என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில்: வண்ணம் மாற்றுங்கள், பிறந்தநாள் வாழ்த்து போடுங்கள், புள்ளி கொடுங்கள், மாதத்தின் சிறந்த பயனர் என்று பதக்கம் கொடுங்கள். இவற்றில் தவறில்லை. சக ஊழியரின் பிறந்தநாள் தெரிவது நல்லதுதான். ஆனால் பலகாரத் தட்டை அழகாக வைத்துவிட்டுப் பலகாரத்தை வைக்க மறந்த கதை இது. மனிதர்கள் வேலை முடிவதற்காக வருகிறார்கள். வேலை முடிந்தால் மீண்டும் வருவார்கள்.

ஒரு சின்ன சோதனை. நம் ஊரில் உடம்பு சரியில்லை என்றால் என்ன சொல்வோம்? 'எம்சி எடுத்துட்டேன்' என்போம். மலேசியாவிலும் சரி, சிங்கப்பூரிலும் சரி. ஆனால் தளத்தில் அந்தப் பக்கத்தின் தலைப்பு 'உடல்நலக் குறைவு விடுப்பு விண்ணப்ப நடைமுறைகள்' என்று இருக்கும். தேடுபவர் 'எம்சி' என்று தட்டுவார், ஒன்றும் வராது. தளம் சரியில்லை என்று முடிவுகட்டி, அலுவலகப் பணியாளரைக் கூப்பிடுவார். தமிழாசிரியர்களான நமக்குத் தூய சொல் பிடிக்கும். இருக்கட்டும், தலைப்பு தூய தமிழில் இருக்கட்டும். கீழே தேடுசொல்லாக 'எம்சி'யும் இருக்கட்டும். படிப்பவரின் சொல்லில் எழுதுவது எழுத்தின் முதல் மரியாதை.

வாட்ஸ்அப்பைப் பற்றிப் பேசாமல் இந்தத் திறனாய்வு முடியாது. நம் பள்ளிகளின் உண்மையான அக இணையம் இன்று வாட்ஸ்அப் குருப்தான். ஏன் அது வென்றது? ஏற்கெனவே கைப்பேசியில் இருக்கிறது. தனிக் கடவுச்சொல் வேண்டாம். கேட்டால் பதில் வருது. இந்த மூன்றையும் எந்த அக இணையமும் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் அதன் குறையும் அங்கேதான் இருக்கு. திங்கள் காலை வந்த சுற்றறிக்கை புதன்கிழமைக்குள் வணக்கங்களுக்கும் வாழ்த்துகளுக்கும் அடியில் புதைந்துபோகிறது. புதிதாகச் சேர்ந்த ஆசிரியருக்கு முந்தைய செய்தி எதுவும் தெரியாது. இரவு பத்து மணிக்கும் மணி அடிக்கிறது. ஓய்வு என்பதே இல்லாமல் போகிறது. வாட்ஸ்அப் ஒரு சந்தை. பேச நல்ல இடம். அலமாரியைச் சந்தையில் வைக்க முடியாது. அறிவிப்பை அங்கே சொல்லுங்கள். ஆவணத்தை அக இணையத்தில் வைத்து, அதன் இணைப்பை மட்டும் குருப்பில் போடுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டாலே பாதி நோய் தீரும்.

தமிழ்ப் பள்ளிகளுக்கென்று ஒரு தனிச் சிக்கல்

மற்றவர்களுக்கு இல்லாத ஒரு தொல்லை நமக்கு உண்டு. இருபது ஆண்டுக்கு முன் தட்டெழுதிய தமிழ்க் கோப்பை இன்று திறந்தால், ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொத்துப் பரோட்டா மாதிரி வரும். காரணம், அப்போது ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறிமுறை. 1997இல் சிங்கப்பூரில் முதல் தமிழிணைய மாநாடு நடந்ததும், 2000இல் அதே சிங்கப்பூரில் உத்தமம் அமைப்பு உருவானதும், 2001இல் கோலாலம்பூரில் மாநாடு கூடியதும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சியின் பகுதிகள்தாம். முரசு அஞ்சல் தந்த முத்து நெடுமாறன் போன்ற நம் மண்ணின் வல்லுநர்கள் இதில் உழைத்தார்கள். இன்று ஒருங்குறி இருக்கிறது. எந்தக் கைப்பேசியிலும் தமிழ் தெரிகிறது.

ஆனால் நம் கோப்புறைகள் இன்னும் முழுதாக மாறவில்லை. பழைய எழுத்துருவில் உள்ள கோப்பில் 'செய்யுள்' என்று தேடினால் எதுவும் கிடைக்காது. ஏனெனில் கணினிக்கு அங்கே 'செய்யுள்' என்ற சொல்லே இல்லை. தாளைப் படம் பிடித்து ஏற்றினாலும் இதே கதை. கோப்பு இருக்கு, ஆனால் இல்லை. இந்தப் பழைய சரக்கை ஒருங்குறிக்கு மாற்றும் வேலையை ஒரே ஆள் செய்ய முடியாது. ஐந்து ஆசிரியர் பிரித்துக்கொண்டு, அதிகம் பயன்படும் கோப்பிலிருந்து தொடங்கினால் முடியும். மாற்றிய பின் எழுத்துப்பிழை பார்ப்பது கட்டாயம்; மாற்றும் கருவிகள் சில நேரம் கொம்பையும் காலையும் இடம் மாற்றிவிடும்.

நடத்துகிறவருக்குச் சில வரிகள்

'இதெல்லாம் பெரிய பள்ளிக்குச் சரி. எங்கள் பள்ளியில் மொத்தமே பத்து ஆசிரியர். யாருக்கு நேரம்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில்: தளத்தைச் சிறியதாக்குங்கள். உயிருள்ள இருபது பக்கம், செத்துப்போன இரண்டாயிரம் பக்கத்தைவிட மேல்.

ஒவ்வொரு பக்கத்திலும் பொறுப்பாளர் பெயரும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் இருக்கட்டும். ஓராண்டாக யாரும் சரிபார்க்காத பக்கத்தை 'பழையது' என்ற கோப்புறைக்கு நகர்த்துங்கள். தலைமைக் கணக்கின் கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்கவே கூடாது, இருவரிடம் இருக்கணும். மாற்றலாகிப் போகும் ஆசிரியரின் பிரியாவிடை விருந்துக்கு முன்பே கோப்பு ஒப்படைப்பு முடியட்டும். மாதம் ஒருமுறை, சாதாரணக் கைப்பேசியில், வைஃபை இல்லாமல், மூன்று விஷயத்தைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அது தேடியவரின் தவறு இல்லை. யாராவது தளத்தில் கேள்வி கேட்டால் இரண்டு நாளுக்குள் பதில் போடுங்கள். பதில் வராத இடத்துக்கு யாரும் மூன்றாவது முறை வருவதில்லை.

மேலிடத்துக்கும் ஒரு சொல். இந்த வேலையைத் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளரின் தலையில் மேலும் ஒரு பொறுப்பாக வைத்துவிட்டு, அவருடைய பாடவேளையைக் குறைக்காமல் இருந்தால், தளம் வாடிப்போவதற்கு அவரைக் குறை சொல்ல உரிமை கிடையாது.

மாணவர்களுக்கு

தகவல் தொழில்நுட்பம் பற்றிக் கட்டுரை வந்தால் பலரும் 'இருமுனைக் கத்தி', 'நாணயத்தின் இரு பக்கங்கள்' என்று தொடங்கி, நன்மை நான்கு, தீமை நான்கு என்று எழுதி முடிக்கிறீர்கள். அது பட்டியல், திறனாய்வு இல்லை. ஒரு கருத்தை முன்வையுங்கள். அதற்கு ஆண்டும் எண்ணும் உள்ள ஒரு சான்றைக் காட்டுங்கள். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று நீங்களே கேட்டு, அதில் நியாயமானதை ஒத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் முடிவைச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் அந்த நான்கும் எங்கெங்கே வருகின்றன என்று அடிக்கோடிட்டுப் பாருங்கள். எங்கே என் சான்று போதவில்லை என்றும் பாருங்கள், அதுவும் பயிற்சிதான்.

வகுப்பில் கலந்துரையாடச் சில கேள்விகள்:

1. உங்கள் பள்ளியின் பகிர்வுக் கோப்புறையில் ஆண்டு குறிப்பிடாத தேர்வுத்தாள்கள் எத்தனை? அவற்றில் எவை பழைய வடிவம்?

2. பயன்பாட்டு விழுக்காடு குறைவாக இருந்தால் அதற்குத் தளம் காரணமா, நடத்திய முறை காரணமா? ஒரு பக்கம் நின்று வாதாடுங்கள்.

3. 'பள்ளிக்கு வாட்ஸ்அப் குருப்பே போதும்.' இக்கூற்றை 150 சொற்களில் திறனாய்க.

4. உங்கள் தேர்வுக் குறிப்புகள் இப்போது எத்தனை இடத்தில் இருக்கின்றன? பதில் 'ஒன்று' என்றால், இன்றிரவே இரண்டாக்குங்கள்.